பாட்டனாரின் பெயர் கேட்ட பத்திரம்

1987இல், 22 வயதில், திருகோணமலை உவர்மலையிலிருந்து புறப்பட்ட நான், நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் மீன் பதனிடும் தொழிற்சாலையொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி பிற்பகுதி வரை அங்கே எழுவதில்லை. 1996இல் அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்தபோது இலங்கைக் குடியுரிமையை இழந்தேன். இரு நாட்டுச் சட்டங்களும் அன்று அப்படித்தான் இருந்தன. 2020 ஜனவரி 1 முதல் நோர்வே இரட்டைக் குடியுரிமையை ஏற்றுக்கொண்டது. அம்மாவோடு வீசா நாள்களை எண்ணாமல் இருக்க வேண்டும் என்பதற்காக 2023இல், இலங்கையின் இரட்டைக் குடியுரிமைக்கு, 55 வயதைக் கடந்தவர்களுக்குரிய பிரிவில் விண்ணப்பித்தேன்.

நோர்வேப் பத்திரங்களைப் பெறுவது எளிதாக இருந்தது. அங்கே மக்கள் பதிவேட்டையும் வரித் திணைக்களமே பராமரிக்கிறது. ஒவ்வொருவருக்கும் உரிய 11 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்தால் போதும். காவல்துறைச் சான்றிதழுக்கும் வீட்டிலிருந்தே விண்ணப்பித்தேன்.

சிக்கல் என் பெயரில் இருந்தது. பிறப்புச் சான்றிதழில் என் பெயர் மட்டுமே இருக்க, நோர்வேக் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக, அதுவும் ஓர் ஆங்கில எழுத்து மாறி, பதிவாகியிருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று ஓர் அலுவலகத்தில் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இரவு முழுவதும் பேருந்தில் கொழும்புக்குப் போய், வெறுங்கையோடு திரும்பிய அந்தப் பயணம் இரண்டு முறை நிகழ்ந்தது. இறுதியில் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றுக்குப் போனேன். அவர் எண் எதையும் கேட்கவில்லை. "நீங்க யாருட மகன்?" என்றார். அப்பாவின் பெயரைச் சொன்னதும், அருகில் காத்திருந்த முதிய பெண்ணொருவர், "கோணேசர் கோயில் தேருக்கு வடம் பிடிக்கப் போறவரெல்லோ, அவரிட மூத்த பொடியன்" என்று எனக்காகச் சாட்சி சொன்னார். முப்பத்தாறு ஆண்டு வாழ்ந்த நோர்வேயில் எனக்காக அப்படிச் சொல்ல ஒருவருமில்லை. அங்கே அதற்குத் தேவையும் இருந்ததில்லை.

ஆனால் அந்தக் கேள்வியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். என் பிறப்புச் சான்றிதழில், பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, இடம் என ஒரு கூடு உண்டு. வம்சாவளியை ஆதாரமாகக் கேட்ட 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம்தான் பல இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அந்தக் கூடு நிரம்பியிருந்ததால் நான் திரும்பி வர முடிந்தது. அதை நிரப்ப முடியாதவர்கள் தாம் பிறந்த மண்ணிலேயே அந்நியராயினர். என் பாட்டனார் யார் என்று ஒருபோதும் கேட்காமல், உழைத்த ஆண்டுகளையும் வரியையும் மட்டும் பார்த்து என்னை ஏற்ற நோர்வேக்கு நான் நன்றியுள்ளவன்.

பத்தரமுல்லயிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் நேர்காணல் பத்து நிமிடத்தில் முடிந்தது. சில மாதங்களின் பின் சான்றிதழ் கைக்கு வந்ததும், அதன் பிரதியோடு கிராம சேவகரிடம் சென்று வாக்காளர் இடாப்புக்கான படிவத்தை வாங்கினேன். அம்மாவின் பெயர் மட்டுமே இருந்த அந்த வீட்டு இலக்கத்தின் கீழ் இரண்டாவது பெயராக என்னுடையதை எழுதினேன்.