மொத்தம் எவ்வளவு?

பாபநாசம் பக்கம் கூட்டுறவு சொசைட்டியில் உரக் கணக்கு எழுதுகிறவள் நான். யூரியா எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது என்று கூட்டிப் போடாமல் செயலாளர் வீட்டுக்கு விடமாட்டார். ஆனால் ஆறு வயதில் என் உடம்புக்குள் போன மருந்துக்கு மொத்தக் கணக்கு எந்தத் தாளிலும் இல்லை.

எனக்கு வந்தது ரத்தப் புற்றுநோய். வைத்தியம் சென்னையில். அதில் ஒரு மருந்து செக்கச்செவேலென்று இருக்கும். ஏற்றிய அன்றைக்கு மூத்திரமும் சிவப்பாகப் போகும். டாக்ஸோரூபிசின். நோயைக் கொல்வதில் கெட்டி, ஆனால் இதயத் தசையையும் தொட்டுவிட்டுப் போகும். அதன் விளைவு பத்து, இருபது வருஷம் கழித்தும் தலைகாட்டலாம். உடம்புப் பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மில்லிகிராமைத் தொட்டுவிட்டால், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், பார்க்கச் சொல்கிறார்கள்.

"அஞ்சு வருஷம் தாண்டிடுச்சுல்ல, இனி ஒண்ணும் இல்லம்மா" என்று உள்ளூர் டாக்டர் ஒருவர் சொன்னதோடு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. வரன் வர ஆரம்பித்ததும் அம்மா ஃபைலைப் பரணில் பித்தளை அண்டாவுக்குள் போட்டு மூடிவிட்டாள். (மாப்பிள்ளை வீட்டில் நானே சொல்லிவிட்டேன். அது தனிக் கதை.)

இப்போது எனக்கு நாலாம் மாசம். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடும், இதயத்துக்கு வேலை அதிகம். சிவப்பு மருந்து ஏற்றிக்கொண்டவள் உண்டாகும் முன்போ, ஆரம்ப மாதங்களிலோ எக்கோ பார்த்துவிட வேண்டும். செக்கப்பில் சர்க்கரை, பிரஷர் எல்லாம் கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, "மொத்தம் எவ்வளவு போச்சு?" என்றார்.

அண்டா இறங்கியது. ஓரம் செல்லரித்த தாள்களில் தேதி, எடை, உயரம், ஊசி அளவு. ஒவ்வொன்றாகப் பழைய ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றிக் கூட்டினேன். வீட்டுக்காரர் கால்குலேட்டரில் சரிபார்த்தார். 250-க்குள்தான். டாக்டரம்மா அதையும் சரிபார்த்து, தஞ்சாவூரில் எக்கோவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அத்தையும் கூட வருவேன் என்று நிற்கிறார்.

மும்பை டாடா மருத்துவமனையில் 1991-லேயே, வைத்தியம் முடிந்த பிள்ளைகளுக்கென்று தனி கிளினிக் ஆரம்பித்துவிட்டார்கள். நம் பக்கத்துப் பெற்றோர் குறைந்தது ஒரு தாளாவது கேட்டு வாங்குங்கள்: என்னென்ன மருந்து, ஒவ்வொன்றும் மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு கொடுத்திருந்தால் எந்த இடத்தில், எவ்வளவு. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்வரை நகராதீர்கள். சென்னையிலிருந்து ஊர் திரும்பும் உழவன் எக்ஸ்பிரஸ் போனால் போகட்டும், நாளைக்கும் அதே வண்டி உண்டு.