மொறுமொறுவென்று இருந்தால் சரி

ஜூலை 2

ஆட்டிசம் உள்ள என் சின்னவனின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 9.6. ஆறு வயதில் 11.5-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். டாக்டர் கீரையைப் பற்றிக் கேட்கவே இல்லை, "பால் எவ்வளவு குடிக்கிறான்?" என்றார். ஒரு லிட்டர் கிட்ட. வயிறு பாலிலேயே நிறைந்துவிடுகிறது, அதில் இரும்புச்சத்தும் இல்லை, மற்ற சாப்பாட்டில் இருப்பதையும் சரியாகச் சேர விடாதாம். இனி அரை லிட்டருக்குள். கூடவே இரும்பு டானிக்.

ஜூலை 5

தெரபிஸ்ட் கேட்டபடி அவன் சாப்பிடுவதை எழுதிக் கொடுத்தேன்: இட்லி, தாளிக்காத தயிர் சாதம், முறுகல் தோசை, அப்பளம், முறுக்கு, ஒரே கம்பெனி பிஸ்கட்.

"ஒண்ணு குழைவு, இல்லேன்னா மொறுமொறு. நடுவுல எதுவுமே இல்ல பாருங்க" என்றார்.

சாம்பார் சாதத்தில் ஒரு வாய்க்குக் கத்தரிக்காய் வழுக்கும், அடுத்த வாயில் கடுகு நெறிபடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு இந்த எதிர்பாராத மாற்றம்தான் ஒத்துக்கொள்வதில்லை. அப்பளம் என்றைக்கும் அப்பளம்தான். சரி, மொறுமொறு வழியிலேயே போவோம். உப்புக்கடலையில் இரும்புச்சத்து உண்டு. கொய்யாக்காயில் வைட்டமின் சி. அது அந்த இரும்பை உடம்பில் சேர்க்கும்.

ஜூலை 9

சொந்தக்காரர் ஒருவர் போனில், "ரெண்டு வேளை பட்டினி போடு, தானா சாப்பிடுவான்" என்கிறார். இவனுக்குப் பசியே சில நேரம் உறைப்பதில்லை! கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்தச் சொல்லி ஒரு வீடியோவும் வந்தது. அதனால் ஆட்டிசம் குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

ஜூலை 13

"இட்லி மாவுல முருங்கைக்கீரையை அரைச்சுக் கலந்துடும்மா, தெரியவே தெரியாது" என்றார் அத்தை.

"கண்டுபிடிச்சிடுவான் அத்தை. அப்புறம் இட்லியும் போச்சு."

இருக்கிற ஆறில் ஒன்றைப் பணயம் வைக்க மனசில்லை. அதற்குப் பதில் அவன் கண்ணெதிரிலேயே தோசை மாவில் ஒரு ஸ்பூன் கேழ்வரகு. நிறம் கொஞ்சம் மங்கியது. பார்த்தான், ஓரத்தை ஒடித்தான், சாப்பிட்டான்.

ஜூலை 27

கொய்யாக்காய் தனிக் கிண்ணத்தில், உப்புப் போட்டு, மெலிசாக. முதலில் கிண்ணத்தையே தள்ளினான். இப்போது மேஜையில் இருக்க விடுகிறான். பக்கத்தில் துப்புவதற்கும் ஒரு கிண்ணம் உண்டு. துப்பினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இன்று ஒரு துண்டை எடுத்துப் பல்லில் டக் டக்கென்று தட்டிச் சத்தம் கேட்டான், உப்பை நக்கினான், ஓரம் கடித்தான், துப்பினான்.

அவன் சாப்பிடும் பட்டியலில் உப்புக்கடலை மட்டும் ஏறிவிட்டது, தோல் நீக்கினால்தான். அடுத்தது வெண்டைக்காய் வறுவல். பெரியவள் இப்போதே தன் பங்கைக் கேட்கிறாள்.