மிதவை நகர்ந்த பந்தயம்: 12 அடி டிங்கியைக் கட்டிப் பார்த்தேன்

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் '12 அடி டிங்கி' (டிங்கி என்றால் சின்னத் திறந்த படகு) என்று ஒரு பாய்மரப் பந்தயம். வந்தவை இரண்டே படகுகள், இரண்டுமே நெதர்லாந்து. ஜூலையில் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் கடலில் தொடங்கினார்கள். படகுகள் சுற்றி வர வேண்டிய மிதவை ஒன்று இடம் விட்டு நகர்ந்துவிட்டதால் ஓர் ஓட்டம் செல்லாமல் போனது. திரும்ப ஓட்ட நேரமில்லை. இரண்டும் உங்கள் படகுதானே, ஊருக்குப் போய் முடித்துக்கொள்ளுங்கள் என்று ஆகிவிட்டது. மீதி ஓட்டங்கள் செப்டம்பர் 3-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் பக்கம் நடந்தன. தெரு கிரிக்கெட்டில் பந்து சாக்கடைக்குள் போனால் 'மேட்ச் நாளைக்கு' என்போமே, கிட்டத்தட்ட அதே கதை. ஒலிம்பிக்கில்!

அந்தப் படகைக் கட்டிப் பார்ப்போம் என்று தோன்றியதற்கு இந்தக் கதை பாதிக் காரணம். மீதிக் காரணம் அளவு. அந்த ஆண்டு ஒலிம்பிக்கில் பாய்மரத்துக்கு மட்டும் 14 பிரிவுகள். பலவற்றில் ஒரே ஒரு படகு வந்து, அது பாட்டுக்குச் சுற்றிவிட்டுத் தங்கத்தை வாங்கிக்கொண்டு போனது. நார்வேக்கு மட்டும் 7 தங்கம். அந்தப் பெரிய 10 மீட்டர், 12 மீட்டர் படகுகளைச் செய்யும் துணிச்சல் எனக்கில்லை. 12 அடி டிங்கி அப்படியில்லை. நீளம் 3.66 மீட்டர், அகலம் 1.42 மீட்டர், பாய் ஒன்றே ஒன்று. பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 36.6 சென்டிமீட்டர். சாப்பாட்டு மேசையில் வைத்து வேலை செய்யலாம், சாப்பாடு வந்தால் தூக்கி ஓரமாக வைக்கலாம்.

வடிவமைத்தவர் ஜார்ஜ் காக்‌ஷாட் என்ற ஆங்கிலேயர். படகு வடிவமைப்பு அவருக்குப் பிழைப்பு இல்லை, பொழுதுபோக்கு. 1913-ல் வரைந்த படகு. நெதர்லாந்திலும் இத்தாலியிலும் இன்றும் அதை ஓட்டுகிறார்கள். பொழுதுபோக்காக ஒருவர் வரைந்ததை நான் பொழுதுபோக்காகக் கட்டுவது பொருத்தம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி

இந்தப் படகின் அழகே அதன் பலகைகள்தான். நம் பக்கத்து வள்ளங்களில் பலகைகள் விளிம்போடு விளிம்பு பொருந்தி, வெளிப்புறம் வழவழவென்று இருக்கும். இதில் அப்படி இல்லை. கீழ்ப்பலகையின் மேல் விளிம்பை அடுத்த பலகை கொஞ்சம் மூடிக்கொண்டு வரும், கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி. பலகைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில் வரிசையாகச் செப்பு ஆணி அடித்திருப்பார்கள்.

நான் எடுத்தது 0.6 மில்லிமீட்டர் தேக்கு வெனீர் (மெல்லிய மரத் தகடு). பக்கத்துக்குப் பத்துப் பலகை. ஏரா (அடிமரம்) மட்டும் கெட்டியான தேக்குக் குச்சி. வங்குகளுக்கு (பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலா எலும்புகள்) மூங்கிலைச் சீவிக்கொண்டேன். ஏரா, வங்கு, அணியம், பருமல் என்ற சொற்களெல்லாம் அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் தூத்துக்குடிக்காரர் சொல்லிக் கொடுத்தவை. நான் படகின் 'முன்பக்கம்' என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, 'அணியம்' என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

வெனீரை வளைக்க ஆவி வைக்க வேண்டும் என்று நினைத்துப் பெரிய ஏற்பாடெல்லாம் செய்தேன். தேவையே இல்லை. தாம்பாளத்தில் சூடான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊற வைத்தால் வாழைநார் மாதிரி வளைகிறது. பிசின் காயும்வரை பிடித்துக்கொள்ள துணி மாட்டும் கிளிப்புகள். வீட்டில் இருந்த அத்தனை கிளிப்பும் படகில் இருந்ததால், ஒரு வாரம் மொட்டை மாடித் துணிகள் காற்றில் பறந்தன. அது தனி வழக்கு.

செப்பு ஆணிக்குப் பதிலாக மெல்லிய செப்புக் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கிச் செருகினேன். ஒரு பலகை முடிக்க இரண்டு இரவு ஆனது. மீதி ஆணிகளெல்லாம் பழுப்பு நிற மைப்பேனாவால் வைத்த புள்ளிகள். இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

பிப்ரவரி

முதல் கூடு (படகின் உடல்) குப்பைக்குப் போனது. வேகமாகப் போகிறதே என்ற உற்சாகத்தில் இடப்பக்கம் ஐந்து பலகைகளை ஒட்டி முடித்துவிட்டுத்தான் வலப்பக்கம் தொட்டேன். காயும்போது வெனீர் சுருங்கி இழுத்ததில் ஏரா வில் மாதிரி வளைந்துவிட்டது. அணியத்திலிருந்து கண்ணை வைத்துப் பார்த்தால் படகு இடப்பக்கம் திரும்பியே நிற்கும். இடப்பக்கம் ஒன்று, உடனே வலப்பக்கம் ஒன்று என்று போட வேண்டும். எந்தத் தச்சருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு ஆறு வாரச் செலவில் தெரிந்தது.

மார்ச், ஏப்ரல்

இரண்டாவது கூடு நேராக வந்தது. கை பழகிவிட்டதால் அடுத்த ஐந்து வாரத்தில் மூன்றாவதையும் கட்டி முடித்தேன். ஒரு படகை வைத்துக்கொண்டு பந்தயம் விட முடியாதே. ஒன்றுக்கு 'பேயாட்ரெய்ஸ் 3' என்றும் இன்னொன்றுக்கு 'போரெயாஸ்' என்றும் பின்பலகையில் எழுதினேன். 1920-ல் மோதிய இரண்டின் பெயர்களும் அவைதான். போரெயாஸ் கிரேக்கர்களின் வாடைக்காற்றுத் தெய்வம். காற்றின் பெயரை வைத்துக்கொண்ட படகுதான் தோற்றது, பாவம்.

பாய்க்குத் தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டி. அசல் பாய் சுமார் 9.3 சதுர மீட்டர், ஆகவே எனக்கு 930 சதுர சென்டிமீட்டர் போதும். நான்கு மூலைப் பாய். மேல் விளிம்பைத் தாங்கும் பருமல் சாய்வாக வானத்தைப் பார்த்து நிற்கும், கீழே ஒரு கழி. பருமலைத் தூக்கிக் கட்டியதும் பாயில் குறுக்கே ஒரு மடிப்பு விழுந்தது, பாய்மரத்தை ஒட்டிய மேல் மூலையிலிருந்து பின்பக்கக் கீழ் மூலை வரைக்கும். அந்த மடிப்போடு காற்றை எதிர்த்துப் போகவே முடியாது. பாயின் முன் விளிம்பைக் கீழே இழுத்துக் கட்டும் கயிறு தளர்வாக இருந்ததுதான் காரணம். அதை முறுக்கி இழுத்தேன். அந்த மடிப்பு மறைந்து, எதிர்க் குறுக்கில், பருமல் உச்சியிலிருந்து முன் கீழ் மூலைக்கு லேசாக இன்னொரு மடிப்பு தெரிந்தது. இது நல்ல மடிப்பு. காற்று நிறைந்ததும் தானாகப் போய்விடும். ஒரு சின்னக் கயிறு அரை சென்டிமீட்டர் இறங்கியதில் வேட்டித் துணி பாயாக மாறிய அந்த நிமிடத்துக்காக மட்டும் இந்த மொத்த வேலையையும் திரும்பச் செய்யலாம்.

மே

அண்டாவில் மிதக்க விட்டேன். அழகாக மிதந்தது. மேசை விசிறியைப் போட்டேன். ஒரே நொடியில் கவிழ்ந்தது. இரண்டாவதும் அப்படியே.

இதற்கான காரணம் கணக்கில் இருக்கிறது. படகைப் பத்தில் ஒரு பங்காக்கினால் பாயின் பரப்பு நூறில் ஒரு பங்காகிறது. பாய் நிற்கும் உயரமும் பத்தில் ஒன்று. ஆகவே காற்று கவிழ்க்கும் வலு ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் படகின் எடையே ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகிவிட்டது, அந்த எடை நிமிர்த்திப் பிடிக்கும் தூரமும் பத்தில் ஒன்றாகிவிட்டது. நிமிர்த்தும் வலு பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதாவது அதே காற்றில் என் பொம்மை அசலைவிடப் பத்து மடங்கு சுலபமாகக் கவிழும். போதாததற்கு, அசலில் நிமிர்த்துவதில் பெரும் பங்கு ஆட்களுடையது. காற்று வரும் பக்க விளிம்பில் உட்கார்ந்து, உடம்பை வெளியே சாய்த்துப் பிடிப்பார்கள். என் படகில் ஆளே இல்லை.

சரி, துரோகம் செய்ய வேண்டியதுதான். அசல் படகின் நடுவில் ஏற்றி இறக்கும் உலோகத் தகடு ஒன்று உண்டு, படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்க. அதை இரண்டு மடங்கு ஆழமாக்கி, நுனியில் தூண்டில் ஈயக் குண்டுகளை உருக்கி ஊற்றினேன் (வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான்). ரிமோட் சிக்னலை வாங்கும் கருவியும் மின்கலமும் சுக்கானைத் திருப்பும் சின்ன மோட்டாரும் அடியிலேயே உட்கார்ந்துகொண்டன. இப்போது விசிறிக்கு முன் சாய்கிறது, ஆனால் விழவில்லை.

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். "மாமா, ஆளில்லாத படகு பேய்ப் படகு மாதிரி இருக்கு" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, ஏனென்றால் இந்தப் பந்தயத்தில் ஆட்கள்தான் கதையே. பேயாட்ரெய்ஸ் 3-க்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர்கள் ஒரே குடும்பம்: அப்பா கொர்னெலிஸ் ஹின், மகன்கள் யோஹான், ஃபிரான்ஸ். கடைக்குட்டி ஃபிரான்ஸுக்கு அப்போது வயது 14. எதிர்ப் படகில் ஆர்னவுட் ஃபான் டெர் பீஸனும் பெட்ரஸ் பியூக்கர்ஸும். களிமண்ணில் ஓர் அப்பாவும் ஒரு பையனும் செய்தோம். பையன் உருவத்தைச் செய்தவன் அக்கா மகன். அவனுக்கு வயது 13. அடுத்த ஆண்டு நானும் ஒலிம்பிக் போகலாமா என்று கேட்டான்.

ஜூலை

ஊர் ஏரியில் ஒழுங்காக ஓடிய தைரியத்தில், நண்பர் ஒருவரோடு பழவேற்காடு போனோம். கடல் உள்ளே வந்து போகும் இடம். எங்கள் படகுகளுக்கு முகத்துவாரம் ஆபத்து என்பதால் உள்ளே தள்ளி, இடுப்பளவுத் தண்ணீரில் ஏற்பாடு. இரண்டு லிட்டர் பாட்டில்களை மூடி, கயிற்றில் செங்கல் கட்டி மூன்று மிதவைகள். முக்கோணமாகப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்தோம். படகுகளைத் தயார் செய்து நிமிர்ந்து பார்த்தால் முக்கோணம் இல்லை. ஒரு பாட்டில் நாற்பதடி தள்ளி, தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ன தம்பி, கயித்த ஆழத்துக்கு அளந்து கட்டினீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "நீர் ஏறுதில்ல. தொட்டில்ல தூக்குன மாதிரி கல்லத் தூக்கிரும். ஆழத்துக்கு மூணு பங்கு கயிறு விடணும், அப்பதான் கல்லு கிடையா இழுபடும்." கயிறு செங்குத்தாக நின்றால் மிதவை கல்லை மேலே தூக்கப் பார்க்கும். கயிறு சரிந்து கிடந்தால் கல்லைத் தரையோடு இழுக்கத்தான் முடியும், அது அவ்வளவு சுலபம் இல்லை.

சொன்னபடி செய்தோம். செங்கல் நகரவில்லை. ஆனால் பாட்டில் நகர்ந்தது! கயிறு நீளம் என்பதால், நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும்போது ஓரிடத்திலும், காற்று வலுக்கும்போது இன்னோரிடத்திலுமாக அலைந்தது. முதல் சுற்றில் பேயாட்ரெய்ஸ் சுற்றிய இடம் வேறு, போரெயாஸ் சுற்றிய இடம் வேறு. "இது செல்லாது மாமா" என்று அக்கா மகன் கத்தினான். அவன் ஓட்டியது போரெயாஸ்.

சென்னைக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். ஆஸ்டெண்ட் இருப்பது வட கடலில். அங்கே நான்கு மீட்டரை ஒட்டி நீர் ஏறி இறங்கும், ஓட்டமும் அதற்கேற்றபடி இழுக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பாட்டிலை நிறுத்தத் தெரியாத நான், அந்தக் கடலில் மிதவை நகர்ந்ததற்குச் சிரித்தது கொஞ்சம் அதிகம்தான். இரண்டு படகு மட்டும் மோதும் பந்தயத்தில் ஒரு திருப்பம்தான் வெற்றி தோல்வி. இடம் மாறிய மிதவையைச் சுற்றியவரை ஜெயித்ததாகச் சொன்னால் எதிராளி விடுவாரா? செப்டம்பர் ஓட்டங்கள் நடந்தது ஆம்ஸ்டர்டாம் பக்கத்து 'பெய்டன் ஐ' என்ற நீர்ப்பரப்பில், அன்றைய சாய்டர்சே உள்கடலின் ஓரம். அங்கே ஏற்றவற்றம் மிகக் குறைவு.

இரண்டு படகும் ஒரே நாடு என்பதால் பந்தயத்தையே இடம் மாற்றியது 1920-க்குப் புதிதும் இல்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மற்ற பாய்மரப் போட்டிகள் ஐல் ஆஃப் வைட் தீவின் ரைட் நகரில் நடந்தபோது, 12 மீட்டர் பந்தயம் மட்டும் ஸ்காட்லாந்தின் கிளைட் நீர்ப்பரப்புக்குப் போனது. 'ஹீரா', 'மூஷெட்' இரண்டுமே பிரிட்டிஷ் படகுகள். ஜெயித்தது ஹீரா.

இப்போதைய நிலவரம்

பழவேற்காட்டில் நான்கு சுற்று விட்டோம். ஒன்று செல்லாதது, இரண்டு எனக்கு, ஒன்று அவனுக்கு. படகு சரியில்லை என்கிறான். 1928-ல் இதே 12 அடி டிங்கி ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஒற்றை ஆள் போட்டியாகத் திரும்பி வந்தபோது, படகுகளைப் போட்டி நடத்தியவர்களே கொடுத்தார்கள். ஸ்வீடனின் ஸ்வென் தோரெல் ஜெயித்தார். அதைச் சொல்லி, அடுத்த முறை படகை மாற்றிக்கொள்வோம் என்று ஒப்பந்தம்.

உண்மையைச் சொன்னால் போரெயாஸின் பாயில் அந்தக் கெட்ட மடிப்பு இன்னும் இருக்கிறது. கயிற்றை அரை சென்டிமீட்டர் இறக்க வேண்டும். அவன் வருவதற்குள் இறக்கிவிடுவேன், ஏனென்றால் அடுத்த முறை அந்தப் படகு எனக்கு.