வயிற்றைப் பிசையும் சவாரி: கொழும்பிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்கு

கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் வான் மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும், பின் சீற்றில் பிள்ளைகள் நித்திரை கொள்ளும். அதே பிள்ளைகள் 101 பஸ்ஸில் நிற்கும்போது, வெறும் 30 இல் வந்த சாரதி வெள்ளவத்தைச் சந்தியில் சடாரென்று பிரேக் போட்டால் பஸ் முழுக்கக் கூச்சல். வேகத்தை உடம்பு கண்டுகொள்வதில்லை. வேகமும் திசையும் மாறுவதுதான் வயிற்றைப் பிசைகிறது. அந்த மாற்றத்தை எங்கே கூட்டி எங்கே குறைத்திருக்கிறார்கள் என்பதில்தான் கேளிக்கைப் பூங்காவின் முதல்தரச் சவாரிக்கும் வெறும் உயரமான சவாரிக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இதைப் பார்க்க சிங்கப்பூர் வரை போகவும் தேவையில்லை. கார்னிவலில் மோட்டார் சைக்கிள் செங்குத்தான உட்சுவரில் சுற்றும் மரணக் கிணற்றைப் பாருங்கள். விட்டம் 9 மீற்றர் என்று வைத்தால், உலர்ந்த பலகையில் டயர் வழுக்காமலிருக்க மோட்டார் சைக்கிள் மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றரில் சுற்ற வேண்டும். 40 இல் சுற்றினால் ஓட்டுகிறவரின் உடம்பு மூன்று மடங்கு கனக்கும். மேலே நின்று பார்க்கிற சனம் கவனிக்காதது அடியில் இருக்கிறது: தரைக்கும் சுவருக்கும் நடுவே சரிவாக அடித்த பலகை வளையம். அது இல்லாவிட்டால் முன்சில்லு நேரே சுவரில் போய் முட்டும். சரிவில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துதான் சுவருக்கு ஏறுகிறார்கள்.

றோலர் கோஸ்டரின் தலைகீழ் வளையத்திலும் இதே சங்கதிதான். 19ஆம் நூற்றாண்டு முடிவில் கட்டியவை சரிவட்டமாக இருந்தன. உச்சியில் கீழே விழாமலிருக்கத் தேவையான வேகத்தோடு வட்டத்துக்குள் நுழைந்தால், அடியில் ஒரே கணத்தில் உடல் ஆறு மடங்கு கனக்கும், கழுத்துத்தான் பாவம். 1976 இல் அமெரிக்காவில் திறந்த 'ரெவல்யூஷன்' சவாரிக்கு ஜேர்மன் பொறியியலாளர் வேர்னர் ஷ்டெங்கல் வளையத்தை நீர்த்துளி வடிவில் போட்டார். அடியில் வளைவு அகலம், உச்சியில் இறுக்கம். பாரம் படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். நல்ல சவாரியில் ஏறினவர் கத்துவார், ஆனால் இறங்கும்போது கழுத்தைத் தடவமாட்டார்.

சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸில் இதற்குப் பார்க்க வேண்டியது 'பேட்டில்ஸ்டார் கலாக்டிக்கா'. ஒன்றையொன்று துரத்தும் இரட்டைத் தண்டவாளம். உயரம் 42 மீற்றருக்கு மேல், உச்ச வேகம் மணிக்கு 90, அதாவது நம் வானை விடக் குறைவு! ஒன்றில் சாதாரணமாக உட்கார்ந்து போகலாம். மற்றதில் தண்டவாளம் தலைக்கு மேலே, கால் தொங்கும். பாட்டாவோடு போகாதீர்கள், கழன்று விழும்.

ரயிலில் எந்த வரிசையில் உட்காருவது? ரயில் முழுக்க ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. முன்வரிசை உச்சியைத் தாண்டும்போது பின்பாரம் இழுத்துப் பிடிக்கும், அதனால் பள்ளத்தைப் பார்த்தபடி தொங்குவீர்கள். கடைசி வரிசை உச்சிக்கு வரும் நேரம் ரயில் ஏற்கனவே வேகமெடுத்திருக்கும். பள்ளத்துக்குள் பிடுங்கி எறிந்த மாதிரி இருக்கும். காட்சிக்கு முன், உதறலுக்குப் பின். நடு வரிசை இரண்டுங்கெட்டான்.

உதறல் வேறு, அதிர்வு வேறு. ரயிலில் சில்லு பூட்டிய ஒவ்வொரு இடத்திலும் மூன்று வகைச் சில்லுகள் தண்டவாளத்தைக் கவ்வியிருக்கும்: மேலே பாரம் தாங்க, பக்கத்தில் வழிநடத்த, அடியில் ரயில் மேலே கிளம்பாமலிருக்க. சில்லின் மேலுறை பொலியூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். ஒரே இடத்தில் நின்றோ சறுக்கியோ அது தட்டையானால் 'தட தட' என்று பல் கிட்டும். சிலசமயம் சக்கர வரிசைக்கு நேர் மேலே இருக்கும் கதிரையில் அது இன்னும் அதிகமாகத் தெரியும். தோள் தடுப்பு காதில் இடித்தால், தலையைப் பின்னால் அழுத்தி வளைவு திரும்பும் பக்கமே பாருங்கள். பக்கவாட்டில் வேடிக்கை பார்க்கிறவருக்குத்தான் அடி விழும்.

வரிசையில் நிற்குமுன் போனை எடுத்து, ஒரு ரயில் புறப்பட்டு அடுத்தது புறப்படும் வரை செக்கன் எண்ணுங்கள். 24 பேர் ரயில் 60 செக்கனுக்கு ஒன்று போனால் மணித்தியாலத்துக்கு 1,440 பேர்; 90 ஆனால் 960 தான். தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் இயந்திரமில்லை. தொப்பி, பை, பூட்டாத பட்டி. முந்திய ரயில் நிலையத்தை விடாவிட்டால் வந்த ரயில் வெளியே பிரேக்கில் காத்துக் கிடக்கும். அதைத் திரும்பத் திரும்பக் கண்டால் அறிவிப்புப் பலகையிலுள்ள நேரத்தை நம்பாதீர்கள். பேட்டில்ஸ்டார் 2015 இல் மீளத் திறந்தபோது ரயிலில் ஒரு வரிசைக்கு 4 இருக்கை 2 ஆகியது. அதனால் காத்து நிற்கும் வரிசை மெல்லத்தான் நகரும்.

அதே பூங்காவின் உள்ளரங்கச் சவாரியான 'ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ்'இல் வண்டி அவ்வளவு வேகமாக ஓடுவதே இல்லை. திரையில் படம் பாயும் நேரம் வண்டி பின்னால் சாயும். முதுகில் படும் பாரத்தை மூளை வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. குமட்டினால் கொஞ்ச நேரம் கண்ணை மூடுங்கள், சாய்வு மட்டும் மிஞ்சும்.

மின்னல் கண்டால் வெளிச்சவாரிகளை நிறுத்திவிடுவார்கள்; சிங்கப்பூரில் பின்னேர இடிமழை சாதாரணம். ஆகவே கதவு திறந்ததும் கோஸ்டர், மழைக்குள் உள்ளரங்கச் சவாரிகள். மழை விட்டு மாலையில் மறுபடி ஓடத் தொடங்கினால் கடைசி வரிசையைக் கேட்டு வாங்குங்கள். மறுபடி கொஞ்சம் ஓடிச் சூடேறிய சில்லு குளிர்ந்த சில்லை விட இலகுவாக உருளும்.