ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு: என் ஃபண்டுகளை மாற்றிய அனுபவம்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெயிலில் வரும் மியூச்சுவல் ஃபண்ட் கணக்கு அறிக்கையை நம்மில் பலர் திறப்பதே இல்லை. 2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கான என் அறிக்கையில் கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்த்தேன். விநியோகஸ்தருக்குப் போன கமிஷன் ரூபாய்க் கணக்கில் இருந்தது: 5,700 சொச்சம். அப்போது என் மொத்த முதலீடு சுமார் 14 லட்சம். ஒவ்வொரு ஃபண்டின் பெயருக்குப் பக்கத்திலும் அட்வைசர் என்ற இடத்தில் ஏஆர்என் எண் ஒன்று, அதாவது விநியோகஸ்தரின் பதிவு எண். அது என் பெரியப்பா மகனுடையது.

ஒரே ஃபண்டுக்கு ரெகுலர், டைரக்ட் என்று இரண்டு பிளான் 2013 ஜனவரியிலிருந்தே இருக்கிறது. மேனேஜரும் ஒருவர், வாங்கும் பங்குகளும் அவையே. செலவு விகிதம், அதாவது ஆண்டுதோறும் நம் பணத்திலிருந்து பிடிக்கும் கட்டணம்தான் வேறு; ரெகுலரில் விநியோகஸ்தரின் கமிஷனும் அதில் சேரும். என் பெரிய ஃபண்டில் அந்த வித்தியாசம் 0.9% அளவுக்கு இருந்தது. ஒரு சதவீதம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் என் திட்டம், ஆண்டுச் செலவைப்போல் 30 மடங்கு சேர்த்துவிட்டு ஐம்பது வயதுக்குப் பிறகு அதிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது. அப்படியானால் வருடத்துக்கு எடுக்கப்போவது 3.3% தான். அதோடு வைத்துப் பார்த்தால் இந்த 0.9% கால்வாசிக்கும் மேல்! இந்தக் கணக்குதான் என்னை நகர்த்தியது.

முதலில் எஸ்ஐபி, அதாவது மாதத் தவணை முதலீடு. பழையவற்றை நிறுத்திவிட்டு அதே ஃபண்டுகளின் டைரக்ட் பிளானில் புதிதாகத் தொடங்கினேன். ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்திலேயே வேலை முடிந்தது. ஃபண்டுகளின் கணக்குப் பதிவுகளைப் பராமரிக்கும் கேம்ஸும் கேஃபின்டெக்கும் சேர்ந்து நடத்தும் எம்எஃப் சென்ட்ரலிலும் செய்யலாம்.

இழுத்தடித்தது கேஒய்சி. வேறொரு நிறுவனத்தின் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டிலும் கொஞ்சம் போடலாம் என்று போனால், ஆதார் வழியாக மறுபடி கேஒய்சி செய்யச் சொன்னது. நம் ஊர் இனிஷியல் பிரச்சினை அங்கே வந்து நின்றது. பானில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, ஆதாரில் வெறும் இனிஷியல். பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்துவிட்டது. பான் கார்டை ஆதாரமாகக் காட்டி ஆதாரில் பெயரை விரித்து எழுதவைத்த பிறகே தாண்ட முடிந்தது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால், ஒப்புகைச் சீட்டில் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அடுத்தது பழைய யூனிட்டுகள். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு 'ஸ்விட்ச்' கொடுத்தால் பணம் நம் வங்கிக்கு வராது, ஆனால் வருமான வரித்துறைக்கு அது விற்பனைதான். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டுகளின் லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி கிடையாது, அதற்கு மேல் 12.5%. ஒரு வருடம் ஆகாதவற்றுக்கு 20%, அதோடு என் ஃபண்டுகளில் 1% எக்ஸிட் லோடும் (சீக்கிரம் வெளியேறினால் பிடிக்கும் கட்டணம்) உண்டு. அதனால் கடைசிப் பன்னிரண்டு மாதத் தவணைகளைத் தொடவே இல்லை. மீதியில் லாபம் ஏறக்குறைய 2.3 லட்சம். 2025 மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் மீதி என்று பிரித்தேன். இடையில் சில வாரங்கள்தான், ஆனால் நிதியாண்டு இரண்டு, வரம்பும் இரண்டு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் வெளியேறும். பழைய யூனிட்டில்தான் லாபம் அதிகம். ஆகவே தொகையில் பாதி மாற்றினால் லாபத்திலும் பாதிதான் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்கு முதல் நாலரை லட்சத்திலேயே 1.2 லட்சம் லாபம் வந்துவிட்டது. இன்னொன்று, 2024 செப்டம்பர் உச்சத்திலிருந்து சந்தை இறங்கியிருந்த நேரம் அது. ஏப்ரல் முதல் வாரத்தில் அமெரிக்க வரி அறிவிப்பால் இன்னும் விழுந்தது. எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். மாற்றுகிறவனுக்கோ லாபம் சுருங்கினால் வரியும் சுருங்கும், பணம் அதே ஃபண்டிலேயே இருக்கும்.

ஸ்விட்ச் முடிந்ததும் வீட்டில் ஒரு கலவரம். "யூனிட் குறைஞ்சு போச்சே?" என்றாள் மனைவி, போனை என் முகத்துக்கு நேரே நீட்டி. டைரக்ட் பிளானின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, அதிகம். இங்கே 82 ரூபாய் என்றால் அங்கே 91. யூனிட் குறையும், மதிப்பு குறையாது. லட்சத்துக்கு ஐந்து ரூபாய் முத்திரைக் கட்டணம் போனது, எஸ்டிடி எனும் பங்குப் பரிவர்த்தனை வரி ஒரு ரூபாய். அவ்வளவே.

அண்ணனிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடச் சங்கடம். அறிக்கையில் எப்படியும் அவருக்குத் தெரிந்துவிடும். வேறு வாயால் கேள்விப்படுவதைவிட நானே போவது மேல் என்று பீளமேட்டுக்குப் போனேன்.

"ஏன்டா, நான் என்ன குறை வெச்சேன்?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா. இனி நானே பாத்துக்கலாம்னு..."

"2020ல எஸ்ஐபிய நிறுத்தறேன்னு நீ ஓடி வந்தப்ப யாரு புடிச்சு நிறுத்துனாங்க?"

அது உண்மை. அந்த மார்ச்சில் அவர் திட்டியிராவிட்டால் நான் விற்றிருப்பேன், அந்த ஒரு போன் காலுக்கே அவருக்குப் போன கமிஷன் அத்தனையும் தகும். சந்தை விழுந்தால் கை நடுங்குகிறவர்கள் ரெகுலரிலேயே இருப்பதில் தப்பு எதுவும் இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று டைரக்டுக்குப் போய்விட்டு, பயத்தில் விற்றால் நஷ்டம் 0.9 சதவீதத்தோடு நிற்காது. நானும் இப்போது இரண்டு மூன்று சரிவுகளைப் பார்த்துவிட்டேன் என்பதால்தான் துணிந்தேன். அம்மா பெயரில் உள்ள ஃபண்டை அவரிடமே விட்டிருக்கிறேன். அம்மாவுக்குக் கேள்வி வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்.

வரிக் கணக்குத் தாக்கலும் எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்தது. நீண்டகால லாபம் 1.25 லட்சத்துக்குள் இருந்தால் 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து ஐடிஆர்-1 என்ற எளிய படிவத்திலேயே காட்டலாம். முன்பெல்லாம் பத்து ரூபாய் லாபத்துக்கும் ஐடிஆர்-2க்குப் போக வேண்டும். வரியே இல்லை என்றாலும் காட்டத்தான் வேண்டும். மூலதன ஆதாய அறிக்கையை கேம்ஸ், கேஃபின்டெக் தளங்களில் இறக்கிக்கொள்ளலாம்.

ஈஎல்எஸ்எஸ் எனும் வரிச்சலுகை ஃபண்ட் மட்டும் பாக்கி. ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக மூன்று வருடப் பூட்டு என்பதால், திறந்த தவணைகளை அந்தந்த நிதியாண்டின் வரம்புக்குள் மாற்றிக்கொண்டு வருகிறேன். கடைசித் தவணை 2027 பிப்ரவரியில்தான் திறக்கும்.