சேமித்த வரி எங்கே போனது? போஸ்ட்கிரெஸ் வியூவுடன் பட்ட பாடு

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் வியூ (டேபிளின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் பார்வை) வழியாகவே பதிவு போடப் போகிறீர்களா? அந்த வியூவின் கடைசியில் 'வித் செக் ஆப்ஷன்' (வியூவின் நிபந்தனைக்குப் பொருந்தாத வரியை ஏற்காமல் தடுக்கும் கட்டளை) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாததால் குலசேகரத்தில் ரப்பர் பால் ஊற்றிய விவசாயிகளுக்குப் பணம் தள்ளிப்போனது. எனக்கு அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

மார்த்தாண்டம், குலசேகரம், திருவட்டாறு ஆகிய மூன்று இடங்களில் ரப்பர் பாலும் ஒட்டுப்பாலும் எடுக்கும் கடையின் கணக்கு அது. டேபிள் ஒன்று, கிளைக்கு ஒரு வியூ. முன்பிருந்த ஒப்பந்தக்காரர் 9.3 பதிப்பில் அமைத்துவிட்டுப் போனது. 2013-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்தே, ஒரே டேபிளை எடுக்கும் எளிய வியூவில் ட்ரிகர் (எழுதும்போது தானாக ஓடும் நிரல்) இல்லாமல் இன்செர்ட், அப்டேட், டெலீட் (சேர்த்தல், மாற்றுதல், அழித்தல்) மூன்றும் நடக்கும். அதுவரை சரி.

மழை விட்டு வெட்டு தொடங்கிய சமயம் குலசேகரத்து அக்கா போன் செய்தார். "தம்பி, இப்பதான் போட்டேன், ஏறியாச்சுன்னு காட்டிச்சு. லிஸ்ட்ல காணல்லியே."

வரி உண்மையிலேயே ஏறியிருந்தது, ஆனால் மார்த்தாண்டத்தின் கிளைக் குறியீட்டோடு. திரையில் உள்ள கிளைப் பட்டியலில் அந்தக் குறியீடுதான் முதலில் நிற்கும். வியூவின் 'வேர்' (WHERE) நிபந்தனை படிக்கும்போது வரிகளை வடிகட்டுமே தவிர, எழுதும்போது எதையும் தடுக்காது. மார்த்தாண்டத்தில் இருந்தவர்களோ, தெரியாத பெயர்கள் என்று அந்த வரிகளை அழித்துவிட்டார்கள். விவசாயிகள் கையில் எடைச் சீட்டு இருந்ததால் கணக்கை மீட்டோம்.

செக் ஆப்ஷன் சேர்க்கப் போனால், அது இன்னும் உருவாக்கப்படவில்லை என்று 9.3 மறுத்துவிட்டது. 9.4-இல்தான், 2014 கடைசியில், அந்த வசதி வந்தது. சர்வர் வைத்திருந்த நிறுவனத்தைக் கேட்டால், "வியூவில் எழுதவே முடியாது சார், ட்ரிகர் போடுங்க" என்றே ஒருவர் சாதித்தார். பதிப்பை மாற்ற முத்திரையிட்ட கடிதம் நேரில் வேண்டுமாம். களியக்காவிளை நெரிசலைத் தாண்டித் திருவனந்தபுரம் போனால், வாங்க வேண்டியவர் விடுப்பில். வேறு யாரும் கடிதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. போகும் முன் ஆள் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் 16-ஆம் பதிப்புக்கு மாறினோம். டம்ப் (தரவின் முழு நகல்) எடுத்து ஏற்றியதில் சிக்கல் ஏதும் இல்லை. வந்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த முறை கிளைக்கொரு லாகின் கொடுத்து, வியூவுக்கு மட்டும் அனுமதி வைத்தேன். அடியிலுள்ள டேபிளுக்கு வியூவின் உரிமையாளருடைய அனுமதி போதும். ஆனால் வரிசை எண் சீரியல் வகை என்றால், எண்ணைத் தரும் அந்த சீக்வென்ஸுக்குக் கிளை லாகினுக்கே அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் முதல் இன்செர்ட்டே நின்றுவிடும். வரிசை எண்ணைத் தரும் இன்னொரு வகையான ஐடென்டிட்டி நெடுவரிசைக்கு இந்தத் தொல்லை இல்லை.

விவசாயி பெயரும் தெரியட்டும் என்று இன்னொரு டேபிளை ஜாயின் செய்தால் வியூ தானாக எழுதும் தகுதியை இழக்கும். ஜாயினை விட்டு, பெயரை செலக்ட் பட்டியலுக்குள் (வியூ காட்டும் நெடுவரிசைகளின் பட்டியல்) ஒரு துணை வினவலாக வையுங்கள். பெயரை மாற்றத்தான் முடியாது, மற்ற நெடுவரிசைகளில் எழுதலாம். பால் எடையையும் டி.ஆர்.சி.யையும் (பாலில் உள்ள உலர் ரப்பரின் விகிதம்) பெருக்கி வரும் உலர் எடையும் அப்படித்தான். 9.3-இல் இப்படி ஒரு கணக்கு நெடுவரிசை இருந்தாலே முழு வியூவும் எழுதாது.

எனக்குப் பெரிய நிம்மதி தந்தது ஒரு சின்ன வசதி. 'ஆல்டர் வியூ' மூலம் வியூவுக்கே தனி டிஃபால்ட் கொடுக்கலாம். குலசேகரம் வியூவில் குலசேகரத்தின் குறியீடு தானாக விழுகிறது, திரையிலிருந்து அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டேன். அக்கா இப்போது எடையை மட்டும் போடுகிறார்.

வியூ மேல் வியூ கட்டியிருந்தால் செக் ஆப்ஷனை 'கேஸ்கேடட்' (கீழுள்ள வியூக்களின் நிபந்தனையையும் சோதிப்பது) ஆகவே விடுங்கள். 'லோக்கல்' என்றால் கீழே இருக்கும் வியூவின் நிபந்தனை, அதற்கென்று தனியாகச் செக் ஆப்ஷன் இல்லாதவரை, சோதிக்கப்படாது. கிளைக்குக் கொடுக்கும் முன் வேறு கிளையின் குறியீட்டில் ஒரு வரி போட்டு, சர்வர் மறுக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.