தீ மதிலோடு நிற்கும், பொறி நிற்காது

பெங்களூரில் பொங்கல் கழிந்த கையோடு காலி மனைகளில் புல் வைக்கோலாகிவிடும். ஏரிப் படுகையில் ஆள் உயரம் நிற்கும் கோரையும் அப்படித்தான். குப்பைக்கு வைத்த தீயோ அணைக்காமல் எறிந்த பீடியோ போதும். 2018 ஜனவரி 19 அன்று பெல்லந்தூர் ஏரியில் காய்ந்த புல் பற்றியபோது, அதை அணைக்க ராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் இறங்க வேண்டியிருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் எங்களுக்கு ஏப்ரல் வரை கண் மதிலுக்கு வெளியேதான்.

"நெருப்பு நம்ம காம்பவுண்டுக்குள்ள வருமா சார்?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். நடுவில் அகலமான தார்ச்சாலையோ உயரமான மதிலோ இருந்தால், தரையோடு வரும் புல்தீ பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பொறிக்கு மதில் கிடையாது. தைல மரத்தின் உரிந்த பட்டையும் காய்ந்த மட்டைத் துணுக்கும் கனிந்தபடியே காற்றில் சாலையைத் தாண்டி நாலாவது மாடியில் வந்து இறங்கும். உலகெங்கும் காட்டுத்தீயில் எரிந்த வீடுகளில் பல, சுடர் தொட்டு எரிந்தவை அல்ல, பொறி விழுந்து எரிந்தவை.

அந்தப் பொறிக்கு இடம் கொடுப்பது பால்கனிதான். தொட்டிச் செடிக்குப் போடும் தேங்காய் நார்த்தூளைப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை சாது. இரண்டு வாரம் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டு வந்தால் உமியாகக் காய்ந்து கிடக்கும். அதில் விழுந்த பொறி சுடர்விடாது. மேலே சாம்பல் பூத்திருக்க, உள்ளே உமித்தணல் போல மணிக்கணக்கில் கனியும். பிளாஸ்டிக் தொட்டி இளகி, பக்கத்து மூங்கில் தட்டியைத் தொட்ட பிறகுதான் வெளியே தெரியும். வெளியே எல்லாம் அடங்கிவிட்டது என்று வீடே தூங்கும் நேரம் அது. விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் தொட்டிக்கு இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள், மேலாகத் தெளித்தால் அடிவரை இறங்காது.

நைலான் புறா வலை பற்றினால் இளகிச் சொட்டும். அவசரத்தில் அதைக் கழற்ற முடியாது. அதன் கீழே இருக்கும் துணி, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் புல்விரிப்பு எல்லாவற்றையும் உள்ளே எடுங்கள், பத்து நிமிட வேலை. மொட்டைமாடியில் சோலார் தகட்டுக்கு அடியில் சருகும் புறாக்கூடும் சேர்ந்திருக்கும். அதை டிசம்பரிலேயே பெருக்கி எடுத்துவிட வேண்டும். தீ வந்த பிறகு மாடிக்கு ஆள் அனுப்பக் கூடாது.

பொறியைவிடச் சீக்கிரம் வருவது புகை. சன்னலை எல்லாரும் மூடுகிறார்கள், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையை மறக்கிறார்கள். அட்டையை வைத்து டேப் ஒட்டுங்கள். குளியலறை வென்டிலேட்டருக்கும் அதேதான். வாசல் கதவின் அடியில் ஈரத் துண்டு. ஸ்ப்ளிட் ஏசி அறைக்காற்றையே சுற்றும், ஓடலாம். விண்டோ ஏசியில் வெளிக்காற்று மூடியைச் சாத்த வேண்டும். அந்த நேரத்தில் ஊதுபத்தி, கற்பூரம், தாளிப்பு எதுவும் வேண்டாம். ஈரக் கைக்குட்டை சாம்பலைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. என்95 முகக்கவசத்தின் கம்பியை மூக்கின் மேல் அழுத்தி மாட்டினால்தான் பலன். சின்னக் குழந்தைகளின் முகத்துக்கு அது பொருந்தாது, அவர்களைப் புகையிலிருந்து வெளியே கொண்டுபோவதே வழி.

ஆகவே குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரர்கள், வயதானவர்கள் உள்ள வீடுகள் அறிவிப்புக்குக் காத்திருக்கவே கூடாது. புகை வாசனை வந்ததும் உறவினர் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். இதை நாங்கள் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அம்மா அப்பா இருவரும் ஆபீஸ் போய்விட்ட பகலில், மதுரையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வந்த தாத்தா பாட்டிதான் பேரக்குழந்தையோடு வீட்டில் இருப்பார்கள். ஒலிபெருக்கி ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் பேசும், காவலாளி இந்தியில் கத்துவார். பாட்டிக்கு எதுவும் பிடிபடாது. "அம்மா, கிளம்புங்க, லிஃப்ட் வேணாம், படியில வாங்க" என்று நாலு சொல் தமிழில் பதிவு செய்து வைத்தால் போதும். பகலில் யார் வீட்டில் பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்ற பட்டியல் கேட்டில் இருக்க வேண்டும், செல்போனில் மட்டும் அல்ல.

பையை முன்கூட்டியே கட்டிவைக்கலாம்: ஒரு வார மருந்து, மருந்துச் சீட்டு, ஆதார், ரேஷன் கார்டு, பத்திரங்களின் நகல், கண்ணாடி, சில்லறை நோட்டுகள், பவர்பேங்க். இன்சுலினை ஐஸ்கட்டி மேல் நேரடியாக வைத்தால் உறைந்து வீணாகும், துணி சுற்றி வையுங்கள். பருத்தி உடை, மூடிய காலணி. சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, பாதுகாப்பு மூடியை மாட்டுங்கள். குழாய் எரிவாயு என்றால் மீட்டர் அருகே உள்ள வால்வின் கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நிற்க வேண்டும். நகையைத் தேடித் திரும்பி ஓடுவதில்தான் நேரம் போகிறது. அதுவும் பையோடு இருந்தால் யாரும் திரும்ப மாட்டார்கள்.

கட்டடத்தின் பக்கம் வழக்கமாகத் தவறுவது இரண்டு. தீயணைப்புப் பம்ப் 'ஆட்டோ'வில் இருக்காது. குழாய் கசிந்து பம்ப் அடிக்கடி தானாக ஓடியதால் யாரோ 'மேனுவ'லுக்கு மாற்றியிருப்பார்கள். கசிவை அடைக்காமல் பம்ப்பை நிறுத்திவைத்தது தீ வரும் அன்றுதான் தெரியும். டீசல் பம்ப்பின் பேட்டரி தீர்ந்து கிடப்பதும் அன்றுதான் தெரியும். இன்னொன்று நாசில், அதாவது குழாய் நுனியில் தண்ணீரைப் பீய்ச்சும் முனை. பித்தளை என்பதால் திருடு போகும். நாசில் இல்லாத ஹோஸ் ரீலில் (சுவரில் சுருட்டி வைத்த தீயணைப்புக் குழாய்) தண்ணீர் காலடியில் கொட்டும், தூரம் போகாது. மாதம் ஒருமுறை 30 மீட்டர் குழாயை முழுக்க இழுத்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வண்டி வரும் 6 மீட்டர் பாதையில் கார் நிற்கவே கூடாது. 101 அல்லது 112க்குச் சொல்லும்போது எந்த கேட்டில் தீயணைப்பு வண்டி நுழைய முடியும் என்பதையும் சொல்லுங்கள்.

படிக்கட்டின் தீத்தடுப்புக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அது சாத்தியிருந்தால்தான் படியில் புகை ஏறாது. மொட்டைமாடிக்கும் பேஸ்மென்ட்டுக்கும் போக வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் இங்கே பெரும்பாலும் கிழக்கிலிருந்து காற்று வரும், ஏரிக்கு மேற்கே உள்ள கட்டடங்கள் புகையை வாங்கும். வெளியேறியவர்கள் கூட வேண்டிய இடத்தைக் காட்டும் பலகை எங்கே நட்டிருந்தாலும், அன்றைய புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்குக் குறுக்காக நடந்து வெளியேறுங்கள்.

திரும்பி வந்ததும் முதலில் பால்கனித் தொட்டிகளையும் மாடிச் சருகையும் தொட்டுப் பார்க்க வேண்டும், இரவு ஒருமுறை மறுபடியும். மேல்தொட்டியின் மூடி திறந்திருந்தால் சாம்பல் இறங்கியிருக்கும். அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொட்டியைக் கழுவிய பிறகே குழாயைத் திறங்கள்.